மூன்று சட்டை, இரண்டு பாவாடை

சேலை கட்டிக்கொண்டு வரக்கூடாது என்று மிஸ் கூ சொன்னபோது செல்வநாயகி நன்றாகத் தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள். படியிறங்கி, பினாங்கு ரோட்டு வெயிலில் கால் வைத்த பிறகுதான் அது உறைத்தது. சேலையைத் தவிர அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் படித்தவள்; இங்கிலீஷ் சுத்தமாகப் பேசுவாள். அதெல்லாம் பதினெட்டு வருஷத்துக்கு முந்திய கதை. கோயிலுக்குச் சேலை, கல்யாணங்களுக்குச் சேலை, பள்ளிக்கூடத்தில் மகளின் ரிப்போர்ட் கார்டு வாங்கப் போகவும் சேலை. வீட்டிலே பூப்போட்ட பாத்தேக் துணிக் கவுன். நடுவில் போடுவதற்கென்று ஒரு துணி இல்லாமலே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. அது ஒரு குறை என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

மிஸ் கூவின் கம்பெனி விமான டிக்கெட் விற்கிற கம்பெனி. கதவைத் திறந்தவுடன் ஒரு நீளமான கவுண்டர். அதன் பின்னால் நிற்கிறவள்தான் வாடிக்கையாளர்கள் முதலில் பார்க்கிற முகம். அந்த இடம்தான் செல்வநாயகிக்கு. மாதச் சம்பளம் நானூற்று இருபது வெள்ளி. யூனிபாரம் மூன்று மாதம் கழித்துத்தான் தருவார்கள். அதுவரைக்கும் சொந்தத் துணி: வெளிர் நிறத்தில் பூப்போடாத சட்டை, கறுப்பிலோ கருநீலத்திலோ முழங்காலுக்குக் கீழே இறங்குகிற பாவாடை. பார்க்க ஆபீஸ் மாதிரி இருக்கவேண்டும், அவ்வளவுதான் என்றாள் மிஸ் கூ. அவ்வளவுதானாம்! திங்கட்கிழமை வேலைக்குச் சேரவேண்டும். அன்றைக்கு வியாழக்கிழமை.

வீட்டில் ஏரம்பமூர்த்தி வாசல் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எட்டு மாதமாக அதே நாற்காலிதான். துறைமுகத்துக்கு எதிரே கப்பல் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்தவர். போன வருஷம் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். நல்ல மனுஷன். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, ஒரு அதட்டல் கிடையாது. ஆனால் கம்பெனி மூடிய நாளிலிருந்து காலையில் குளிப்பதற்குக்கூட இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. பேப்பரில் வேலை விளம்பரங்களைப் பேனாவால் கோடு போட்டு வைப்பார். நாற்பத்தாறு வயதுக்காரனை எவன் கூப்பிடுவான்? கூப்பிடவில்லை.

"சேல கூடாதாங்க. சட்டையும் பாவாடையும்தான் போடணுமாம்," என்றாள் செல்வநாயகி.

"ஆறு நாளைக்குமா?"

"ஆறு நாளைக்கும்தான்."

ஏரம்பமூர்த்தி யோசித்தார். அப்புறம் எழுந்தார். எழுந்ததே ஆச்சரியம். மேசை இழுப்பறையிலிருந்து பழைய கம்பெனித் தாள் ஒன்றை எடுத்து, கட்டம் போட்டு, தம்முடைய முத்து முத்தான கையெழுத்தில் எழுத ஆரம்பித்தார். கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"இங்க பாரு செல்வி. ஆறு சட்ட, ஆறு பாவாட வாங்கணும்னு இல்ல. மூணு சட்ட, ரெண்டு பாவாட. வெள்ள, கிரீமு, எளநீலம். கறுப்பு ஒண்ணு, கருநீலம் ஒண்ணு. மாத்தி மாத்திப் போட்டா ஆறு வெதம் வரும். திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் ஒரு நாளு மாதிரி இன்னொரு நாளு இருக்காது."

திங்கள், வெள்ளைக்குக் கறுப்பு. செவ்வாய், கிரீமுக்குக் கருநீலம். அப்படியே சனிக்கிழமை வரைக்கும் அட்டவணை. அதை அலமாரிக் கதவின் உள்பக்கம் பசை தடவி ஒட்டியும் விட்டார். எட்டு மாதத்தில் அவர் செய்து முடித்த முதல் காரியம் அது. செல்வநாயகிக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கணக்கு சரி. இனிமேல் துணிதான் வேண்டும். கையிலே எண்பது வெள்ளி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் முதலில் போனது தையற்காரர் வாசுவிடம். அவளுடைய ரவிக்கையெல்லாம் தைக்கிறவர் அவர்தான். கடைக்குள் நுழையவே வழியில்லை. சிவப்புத் துணி மலையாகக் குவிந்திருந்தது. சீனப் பெருநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. எண்பத்தேழாம் வருஷம் ஜனவரி மாதம் பினாங்கிலே ஊசி பிடிக்கத் தெரிந்த எந்த மனுஷனுக்கும் நிமிரக்கூட நேரம் இல்லை.

"பெருநாளு முடியட்டும் லா அக்கா," என்றார் வாசு, வாயில் குண்டூசியைக் கடித்தபடியே. "இப்ப என் சொந்தத் தங்கச்சி வந்தாலும் இதே பதில்தான்."

ஆகவே ரெடிமேட். கொம்தார் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரிய குளிர்சாதனக் கடைக்குப் போனாள். மேல் மாடி முழுக்கப் பெண்கள் துணி. அவள் தேடிய சட்டை அங்கே இருந்தது. வெள்ளை, சின்னக் காலர், தோளில் மடிப்பில்லாமல் அழகாக இறங்கும் கை. அதைப் போட்டுக்கொண்டால் யாராக இருந்தாலும் டிக்கெட் விற்கிறவளாகத்தான் தெரிவாள். காலருக்குள்ளே ஒரு வெளிநாட்டுப் பெயர். அதை எப்படி வாசிப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. விலைச் சீட்டைத் திருப்பினாள். ஐம்பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு. திருப்பின மாதிரியே பழையபடி வைத்தாள்.

கூடவே நடந்து வந்த கடைப்பெண், "என்ன சைஸ்?" என்று மலாயில் கேட்டாள்.

செல்வநாயகி விழித்தாள். சைஸா? அவள் உடம்பின் அளவெல்லாம் பதினெட்டு வருஷமாக வாசுவின் நோட்டுப் புத்தகத்தில் அல்லவா இருந்தது? அவளிடம் யார் சொன்னார்கள்? சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். ஆனால் அந்தச் சட்டையைக் கண்ணில் பிடித்து வைத்துக்கொண்டாள். காலர் இவ்வளவு, கை இவ்வளவு, பித்தான் சின்னது, மினுக்கு கிடையாது.

சாயங்காலம் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குப் போனாள். அங்கே எல்லாம் எட்டு வெள்ளி, பத்து வெள்ளி. எல்லாவற்றிலும் மினுக்கு. வெறும் வெள்ளைச் சட்டை ஒன்று கிடைத்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிந்தான். இன்னொன்றின் பித்தானைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. மலிவாக இருந்தால் மானம் போகிறது, மானமாக இருந்தால் காசு பற்றவில்லை. ஒரு சாதாரணச் சட்டைக்கு இவ்வளவு பாடா என்று நடுத்தெருவில் நின்று அழலாம் போலிருந்தது அவளுக்கு. அழவில்லை. அழுதால் மட்டும் யார் எடுத்துக் கொடுக்கப்போகிறார்கள்?

சனிக்கிழமை காலையில்தான் ஹமீதா அவள் கண்ணைத் திறந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி. அவள் புருஷன் சூலியா தெருவில் காசு மாற்றும் கடை வைத்திருந்தார். அந்தத் தெருவில் எந்தக் கடையில் என்ன வந்து இறங்கினாலும் அன்றைக்கே ஹமீதாவுக்குத் தெரியும்.

"கொம்தார்லயா போய்ப் பாத்தீங்க? ஏங்க்கா, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? அதே சட்டதான் அக்கரையில பிறை ஊரு பேக்டரியில தைக்கிறாங்க. வெளிநாட்டுக்குப் போனது போக மிச்சம் நூர் முகம்மது அண்ணன் கடைக்கு வரும். பேர மட்டும் கத்தரிச்சு வுட்டுருவாங்க. பேருக்குத்தாங்க்கா காசு. துணிக்கு இல்ல."

ஹமீதாவே கூட்டிக்கொண்டு போனாள். அண்ணன் மகளுடைய நிச்சயதார்த்தத்துக்குக் கடல் கடந்து பட்டர்வொர்த் போகிறவள், போகிற வழியில் கடை வாசலில் விட்டு, "அண்ணே, நம்ம அக்கா, பாத்துக் குடுங்க" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுப் பெர்ரிக் கப்பலுக்கு ஓடினாள். திங்கட்கிழமை சாயங்காலம்தான் திரும்புவாள்.

நூர் முகம்மதுக்கு ஐம்பது வயது இருக்கும். கடை குறுகலானது, கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி. செல்வநாயகி தயங்கித் தயங்கிச் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு பெட்டியை இறக்கித் திறந்தார். அவள் கண்ணில் பிடித்து வைத்திருந்த அதே சட்டை. அதே சின்னக் காலர், அதே கை. காலருக்குள்ளே மட்டும் பெயர்ச்சீட்டு பாதியாகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. பதிமூன்று வெள்ளி. அதே பேக்டரிப் பாவாடையும் இருந்தது, பத்தொன்பது வெள்ளி.

அவள் அந்தக் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தோஷத்தில்தான்.

"சைஸ் என்னாக்கா?"

"தெரியலீங்க. எப்பவும் தச்சுத்தான் போடுறது."

"இது வெள்ளைக்காரிங்க அளவு. இதுல எம்மு சைசும் இருக்கு, அதவிடப் பெரிய எல்லு சைசும் இருக்கு. இங்க போட்டுப் பாக்க எடம் இல்ல, பாத்தீங்கல்ல. எல்ல எடுத்துக்கிட்டுப் போங்க. சின்னதாப் போனா ஒண்ணும் பண்ண முடியாது, பெருசா இருந்தா கொண்டாங்க, மாத்தித் தாரேன். எம்மு அஞ்சையும் உங்க பேரு போட்டு எடுத்து வெச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணுக்கா. குண்டூசி எடுக்கக் கூடாது, அட்ட எடுக்கக் கூடாது, கற படக் கூடாது. மேலாப்புல வெச்சு அளந்து பாருங்க, தெரியும். ஆறு மணி வரைக்கும் கட இருக்கும். நாளைக்கு லீவு. திங்கக்கெழம காலையில பிறைக்காரரு லோரி வந்து மிச்ச சாமான ஏத்திக்கிட்டுப் போயிரும்."

மூன்று சட்டை, இரண்டு பாவாடை. எழுபத்தேழு வெள்ளி. அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழி முழுக்க அட்டவணைதான் மனதில் ஓடியது. திங்கள், வெள்ளைக்குக் கறுப்பு. செவ்வாய், கிரீமுக்குக் கருநீலம். இத்தனை வயதுக்கு மேல் துணிக்காக இவ்வளவு சந்தோஷப்படுவது வெட்கமாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது. மகளைக் கணக்கு டியூஷனிலிருந்து கூட்டி வரவேண்டும். பையைக் கட்டிலில் வைத்து, "பெருசா இருந்தா மாத்திக் குடுப்பாராங்க. வந்து அளந்து பாக்குறேன்," என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள். குண்டூசியையும் அட்டையையும் கறையையும் பற்றிச் சொல்லவில்லை. அதை எதற்கு அவரிடம் சொல்லவேண்டும்? பதினெட்டு வருஷத்தில் அவர் அவளுடைய துணியைத் தொட்டதே கிடையாது.

இரண்டு மணிக்குத் திரும்பி வந்தாள். வாசல் நாற்காலி காலியாக இருந்தது. உள்ளே ஊதுபத்தி வாசனை.

ஏரம்பமூர்த்தி குளித்திருந்தார். யாரும் சொல்லாமலே குளித்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு. சாமி அலமாரிக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அதற்குக் கீழே பித்தளைத் தாம்பாளம், தாம்பாளத்தில் மூன்று சட்டையும் இரண்டு பாவாடையும். ஊசி எடுத்து, அட்டை எடுத்து, விரித்து மடித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள்.

புதுத் துணிக்கு மஞ்சள் வைக்காமல் உடுத்துவது அந்தக் குடும்பத்தில் கிடையாது. தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் செல்வநாயகியே வைப்பாள். ஓரத்திலே, உள்பக்கம், மோதிர விரலால் ஒரு பொட்டு. ஏரம்பமூர்த்திக்கு அந்த அளவெல்லாம் எங்கே தெரியும்? கட்டை விரலை முழுசாகத் தோய்த்து வைத்திருந்தார். சட்டைகளுக்குக் காலரின் பின்னால், நட்ட நடுவில், ஐந்து காசு அளவுக்கு. பாவாடைகளுக்கு இடுப்புப் பட்டையில். கறுப்பில் சரியாகத் தெரியவில்லை என்று அதற்கு இரண்டு தடவை வைத்திருந்தார்.

"ஒண்ணரைக்கு எமகண்டம் ஆரம்பிக்குது பாரு," என்றார். "நீ வர்றதுக்குள்ள நேரம் போயிருமேன்னு நானே வெச்சிட்டேன். ஊசியோட சாமி முன்னால வெக்கக் கூடாதுல்ல? எல்லாத்தையும் எடுத்து நெருப்புப்பெட்டியில போட்டு வெச்சிருக்கேன். நாப்பத்தி ரெண்டு ஊசி."

சிரித்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு.

என்ன மனுஷன் இவர் என்று நமக்குக் கோபம் வருகிறது. அவளுக்கும் வந்தது. நெஞ்சு வரைக்கும் வந்து, அந்தச் சிரிப்பைப் பார்த்து, அங்கேயே நின்றுவிட்டது. "நல்ல காரியம் பண்ணீங்க," என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடைய குரல் போலவோ கேட்டது.

அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வெள்ளைச் சட்டையையும் கறுப்புப் பாவாடையையும் உடுத்திப் பார்த்தாள். தோள் தையல் தோளில் நிற்காமல் கையில் பாதி தூரம் இறங்கி நின்றது. சட்டைக் கை அவள் விரல் நுனியை மூடியது. பாவாடையின் இடுப்பில் ஒரு முழுக் கை நுழைந்தது. அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு நாடகம் ஆடுகிற பிள்ளை கண்ணாடியில் தெரிந்தாள். மற்ற இரண்டும் அதே அளவுதான். போட்டுப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் போட்டுப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்று வெளியிலிருந்து கேட்டார்.

"நல்லா இருக்குங்க."

சந்தைக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, ஐந்தையும் காய்கறிப் பைக்குள் திணித்துக்கொண்டு சூலியா தெருவுக்குப் போனாள். நூர் முகம்மது பையிலிருந்து முதல் சட்டையை எடுத்து விரித்தார். காலரைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதை விரிக்கவே இல்லை.

"மஞ்ச வெச்சிட்டீங்களேக்கா."

"வீட்டுல தெரியாம..."

"தெரியுதுக்கா. இந்தக் கடையில நீங்க நாலாவது ஆளு. அதுக்குத்தான் நான் அவ்வளவு சொல்லி அனுப்புறது." அவர் குரலில் கோபம் இல்லை. "என் சொந்தச் சாமானா இருந்தா இப்பவே எடுத்துட்டுப் போங்கன்னு குடுத்துருவேன். இது பிறைக்காரருது. விக்காதது எல்லாம் எண்ணித் திருப்பி எடுத்துக்குவாரு. கற பட்டத எடுக்க மாட்டாரு. அஞ்சு உருப்படிக்கு நான் எப்படிக்கா கணக்குக் காட்டுறது?"

அவருக்குப் பின்னால், அலமாரியில், ஐந்து துணி காகிதத்தில் சுற்றி வைத்திருந்தது. மேலே நீலப் பென்சிலால் 'செல்வநாயகி' என்று எழுதியிருந்தது. அவள் அளவு, அவள் நிறம், அவள் பெயர். கை நீட்டினால் எட்டிவிடும். கையிலே மூன்று வெள்ளி இருந்தது.

"சோப்புப் போட்றாதீங்க, செவந்துரும். வெயில்ல காயப் போடுங்க. ரெண்டு நாளுல மஞ்ச போயிரும்," என்று நூர் முகம்மது வாசல் வரைக்கும் வந்து சொன்னார். இரண்டு நாளில் மஞ்சள் போய்விடும். இரண்டு நாளில் லோரியும் வந்துவிடும். அவர் ஆறுதலுக்குச் சொன்னார். அவளும் ஆறுதலாக இருப்பதுபோல் தலையாட்டினாள். வாசு கடை வழியாகத்தான் திரும்பினாள். கடைக்குள் போகவில்லை. சிவப்புத் துணி நேற்றைவிட உயர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்பக்கம் கொடியில் ஐந்தும் தொங்கின. எதற்கு வெயிலில் போட்டிருக்கிறாய் என்று ஏரம்பமூர்த்தி கேட்டதற்கு, புதுத் துணி வாசம் போகட்டும் என்றாள். அவர் நம்பினார். மஞ்சள் கொஞ்சம் வெளுத்தது, முழுசாகப் போகவில்லை. அன்று மத்தியானம் முழுவதும் வெள்ளைச் சட்டையை உள்பக்கம் திருப்பிக் கையாலேயே தைத்தாள். பக்கவாட்டில் பிடித்தால் நெஞ்சில் சுருங்கியது. அதைப் பிரித்துக் கையைச் சுருக்கினாள். கை சரியானது, தோள் இன்னும் தொங்கியது. தோளை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தோளை எடுத்துத் தைக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் சிவப்புத் துணிக்குள் இருந்தார்கள். ஹமீதாவின் தையல் இயந்திரம் பூட்டிய வீட்டுக்குள் இருந்தது.

திங்கட்கிழமை. வெள்ளைக்குக் கறுப்பு.

பாவாடையின் இடுப்பைப் பின்பக்கமாக மடித்து நான்கு ஊக்கு குத்தினாள். கொண்டையைக் கழுத்தோடு தாழ்த்திப் போட்டாள், காலரை மறைக்க. ஏரம்பமூர்த்தி வாசல்வரைக்கும் வந்து, நெற்றியில் திருநீறு பூசி, "தைரியமாப் போ" என்றார்.

வேலையை அவள் ஒரு குறை இல்லாமல் செய்தாள். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். போனை எடுத்துப் பேசினாள். லண்டனுக்கு டிக்கெட் கேட்டு வந்த கிழவரைப் பொறுமையாக உட்காரவைத்து விவரம் சொன்னாள். பத்து மணிக்குள் விமான அட்டவணைப் புத்தகத்தில் நேரம் பார்க்கக் கற்றுக்கொண்டாள். குனிகிறபோதெல்லாம் ஒரு ஊக்கு முதுகில் உரசியது. கையை நீட்டும்போதெல்லாம் சட்டை ஒரு பக்கம் சரிந்தது. அவள் இழுத்து விட்டாள், மறுபடி சரிந்தது. கூட வேலை செய்கிற சீனப் பையன்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மிஸ் கூ கண்ணாடி அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்குக் கூப்பிட்டாள். கெட்டவள் இல்லை. இங்கிலீஷில் மெதுவாகத்தான் சொன்னாள். உன் பேச்சு நன்றாக இருக்கிறது, வேலை நன்றாக இருக்கிறது. ஆனால் கவுண்டரில் நிற்கிறவளைப் பார்த்துத்தான் ஜனங்கள் இந்தக் கம்பெனியை நம்பிக் காசு கொடுக்கிறார்கள். நீ யாருடைய துணியையோ வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாய். மற்றதும் இப்படித்தானா?

மற்றதும் இப்படித்தான் என்று செல்வநாயகி சொன்னாள். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது? செவ்வாய்க்கிழமை வராமலா போய்விடும்?

உள்ளே ஒரு மேசை இருக்கிறது என்றாள் மிஸ் கூ. பைல், டைப்பிங். இருநூற்று எண்பது. கவுண்டருக்கு நாளை வேறொரு பெண்ணைப் பார்க்கிறேன். உள் அறையை யாரும் பார்ப்பதில்லை, அங்கே நீ எதை வேண்டுமானாலும் உடுத்தலாம். சேலைகூடக் கட்டிக்கொள்ளலாம்.

சேலைகூட.

அவள் வீட்டுக்கு வந்தபோது ஏரம்பமூர்த்தி நாற்காலியில் இல்லை. செவ்வாய்க்கிழமைக்கு உரிய கிரீம் சட்டையை மேசைமேல் விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. ஒரு கையைத் தேய்த்து முடித்து, மறு கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"வா வா. எப்படி இருந்திச்சி?"

"வேல நல்லாத்தாங்க இருந்திச்சி." அவள் கதவில் சாய்ந்துகொண்டாள். "நாளையிலேர்ந்து உள் ரூமு. பைலு பாக்கணும். சம்பளம் எரநூத்தி எம்பது."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நானூத்தி இருவதுன்னுதான சொன்னாங்க?"

"அது முன்னுக்கு நிக்கிறவங்களுக்கு. எனக்குச் சட்ட பெருசா இருக்காம். பாக்க நல்லா இல்லியாம்."

அப்போதுதான் அவர் அவளைச் சரியாகப் பார்த்தார். சரிந்த தோளைப் பார்த்தார். சுற்றி வந்து இடுப்பில் நான்கு ஊக்கைப் பார்த்தார்.

"பெருசா இருந்தா மாத்திக் குடுப்பாங்கன்னு நீதான சொன்ன?"

அவள் செருப்பைக் கழற்றினாள்.

"போயிக் கேட்டியா?"

கழற்றிய செருப்பைச் சுவரோரம் ஜோடியாக நகர்த்தி வைத்தாள்.

"உனக்கு எப்பவும் இதே கொறதான் செல்வி." அவர் திட்டவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்க மாட்ட. வெக்கம். நல்ல நேரம் பாத்து, மஞ்ச வெச்சு, ஒரு கொறயில்லாம அனுப்பி வெச்சேன். நீ போயி ஒரு வார்த்த கேட்டிருந்தா மாத்திக் குடுத்திருக்க மாட்டாங்களா? நூத்தி நாப்பது வெள்ளி போச்சே."

பதில் அவள் கழுத்துக்குப் பின்னால், கொண்டைக்குக் கீழே, வெளுத்தும் வெளுக்காமலும் இருந்தது. தலையைக் குனிந்து கொண்டையைத் தூக்கிக் காட்டினால் போதும், ஒரு வார்த்தை வேண்டாம். மேசைமேல் ஒரு கை தேய்த்து ஒரு கை தேய்க்காத சட்டை கிடந்தது. நாளைக் காலையில் இந்த மனுஷன் குளிக்கவேண்டும், யாரும் சொல்லாமல் குளிக்கவேண்டும்.

"ஆமாங்க," என்றாள். "கேட்டிருக்கணும்."

"சரி, விடு," என்றார் ஏரம்பமூர்த்தி. அவள் முகத்தைப் பார்த்து மனம் இளகிவிட்டது போலிருக்கிறது. "அடுத்த தடவ துணி எடுக்கப் போறப்ப நான் கூட வரேன். நான் கேக்குறேன்."

அவள் சரி என்று தலையாட்டினாள். கையைப் பின்னால் கொண்டுபோய் முதல் ஊக்கைத் தேடினாள்.